சிறுசேமிப்பு போலத்தான் அறிவியல் பரீட்சையும்

(நம் கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



தலைவர் அக்கா என்னிடம், "நீ பத்தாவது எழுதின கதையைச் சொல்லு" என்றார்கள். கதையைச் சொன்னால் கைதட்டிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். இப்போது அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். இன்னும் 3 மாதத்தில் முழு ஆண்டுத் தேர்வு. அதனால் கதையைக் குறைத்துக்கொண்டு காரியத்தைப் பேசுகிறேன்.

இந்த வருஷம் நம் வீடுகளில் பத்தாவது எழுதப்போகிற பிள்ளைகளின் பெயரை எல்லாம் குழு வாரியாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். "எந்தப் பாடம் பயமா இருக்கு?" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டேன். கணக்கு என்று சிலர் சொன்னார்கள், இங்கிலீஷ் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் அறிவியலைப் பற்றிப் பேச்சு வந்தபோது நிறையப் பேர் ஒரே மாதிரி சொன்னார்கள்: "புக்கு பெருசா இருக்கு, எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல."

அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களிடமும் கேட்டேன். "நாங்க என்ன பண்ண முடியும்? நாங்க அஞ்சாவதுகூடத் தாண்டல. அது படிக்கிறது எங்களுக்கு என்ன புரியும்?" என்றார்கள். இன்றைக்கு நான் பேச வந்தது இந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லத்தான். படிக்காத அம்மாவும் பிள்ளையை அறிவியல் பரீட்சைக்குத் தயார் செய்ய முடியும். எப்படி என்று சொல்கிறேன்.

என்னைத் தெரியாத புதுக் குழுக்காரர்களுக்காக இரண்டு வார்த்தை. நான் எட்டாவது வரை படித்தவள். ஹைஸ்கூல் தூரம், வயசுக்கு வந்த பொண்ணைத் தனியாக அனுப்ப முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், கூலி வேலை. பிறகு குழு. தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களை அரசாங்கம் முதன்முதலில் ஆரம்பித்ததே 1989-ல் நம் தருமபுரி மாவட்டத்தில்தான். ஐ.நா.வைச் சேர்ந்த பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் அதற்கு உதவி செய்தது. அந்த விதையில் முளைத்த குழுதான் என் கையில் மறுபடி பேனாவைக் கொடுத்தது. தீர்மானப் புத்தகம் எழுதினேன், கணக்கு எழுதினேன். என் மூத்த பெண் பத்தாவது போன வருஷம், நானும் தனித்தேர்வராக மனு போட்டேன். ஒரே லைட்டின் கீழ், ஒரே புத்தகத்தை வைத்து இரண்டு பேரும் படித்தோம். இரண்டு பேரும் தேறினோம். கதை அவ்வளவுதான்.

இனி காரியம்.

கடன் வாங்குவதற்கு முன்னால் வட்டி எவ்வளவு, தவணை எத்தனை என்று கேட்கிறோம் இல்லையா? பரீட்சையையும் அப்படித்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தாவது அறிவியலுக்கு மொத்தம் 100 மதிப்பெண். அதில் 75 எழுத்துத் தேர்வுக்கு, 25 செய்முறைத் தேர்வுக்கு. தேறுவதற்கு 35 வேண்டும். எழுத்துத் தேர்வில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும்.

அந்த 75 எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். ஒரு மதிப்பெண் கேள்வி 12. இரண்டு மதிப்பெண் கேள்வி 10 கொடுத்து 7 எழுதச் சொல்வார்கள், அது 14. நான்கு மதிப்பெண் கேள்வி 10 கொடுத்து 7 எழுத வேண்டும், அது 28. ஏழு மதிப்பெண் கேள்வி 3, ஒவ்வொன்றிலும் 'இது அல்லது அது' என்று இருக்கும், அது 21. கூட்டிப் பாருங்கள், 75 வரும். 22-வது கேள்வியையும் 32-வது கேள்வியையும் கட்டாயம் எழுத வேண்டும், அவற்றைத் தள்ளிவிட்டு வேறொன்றை எடுக்க முடியாது.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நம் பிள்ளை பயந்து போய் உட்கார்ந்திருக்கும்போது, அம்மா வாயிலிருந்து இந்தக் கணக்கு வந்தால் அதற்குத் தெம்பு வரும். 12 ஒரு மதிப்பெண் கேள்வியும் 4 இரண்டு மதிப்பெண் கேள்வியும் சரியாக இருந்தாலே 20 வந்துவிடுகிறது. தேறுவது மலையைத் தூக்குகிற காரியம் இல்லை என்று தெரிந்த பிறகு, பிள்ளை 20-க்காகப் படிக்காது, 60-க்காகப் படிக்கும். பயம் போனால்தான் ஆசை வரும்.

புத்தகத்தில் மொத்தம் 23 பாடம். இயக்க விதிகள், ஒளி, வெப்பம், மின்சாரம், ஒலி என்று ஆரம்பித்து, அணு, தனிமம், கரைசல், கார்பன் என்று போய், பிறகு செடி, இரத்த ஓட்டம், நரம்பு, ஹார்மோன், இனப்பெருக்கம், மரபியல், நோய்கள், சுற்றுச்சூழல் என்று வரும். கடைசிப் பாடம் கம்ப்யூட்டர். பரீட்சைக்கு ஏறத்தாழ 12 வாரம் இருக்கிறது. வாரத்துக்கு 2 பாடம் என்று வைத்தால் 24. நமக்கு வேண்டியது 23 தான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஏற்கெனவே நடத்தி முடித்ததைத்தான் நாம் திருப்பிப் பார்க்கிறோம். புதிதாக ஒன்றும் இல்லை.

நம் குழு எப்படி நடக்கிறது? வாரம் தவறாமல் சின்னத் தொகை கட்டுகிறோம். மாசக் கடைசியில் மொத்தமாகக் கட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் விடுகிறோமா? விடமாட்டோம். மொத்தமாகக் கட்ட முடியாது என்று நமக்குத் தெரியும். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி கண் விழித்துப் படிப்பது கந்துவட்டிக் கடன் மாதிரி. வாங்கும்போது கை நிறைய இருக்கும், விடிந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. தினமும் ஒரு மணி நேரம் அறிவியல், அது சேமிப்பு. வட்டியோடு நிற்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பிள்ளை ஒரு மணி நேரம் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. படிக்கிறதா, இல்லையா என்று படிக்காத அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

குழுக் கணக்கை வருஷத்துக்கு ஒரு முறை ஆடிட் பண்ணுகிறார்கள் இல்லையா? அதே மாதிரி. புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். "எனக்குச் சொல்லு கண்ணு" என்று கேளுங்கள். நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டோ, களி கிண்டிக்கொண்டோ இருக்கலாம். காது மட்டும் பிள்ளை பக்கம் இருந்தால் போதும். மூன்றே கேள்வி. அது என்ன? அது ஏன்? நம்ம வீட்டில் அது எங்கே இருக்கு? இந்த மூன்றுக்கும் எந்த எழுத்தும் தெரிய வேண்டாம்.

சொல்லும்போது பிள்ளை எங்கே திக்குகிறதோ, எங்கே "அது வந்து... அது வந்து..." என்று இழுக்கிறதோ, அந்த இடம்தான் பாக்கி. அங்கே புத்தகத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் புள்ளி வைத்த இடத்தை மட்டும் மறுபடி கேளுங்கள். பாக்கி தீர்ந்தால் புள்ளியை அழித்துவிடலாம். வாய்க்குள்ளேயே பத்து முறை படித்தால் தெரிந்த மாதிரியே இருக்கும். இன்னொருத்தருக்குச் சொல்லும்போதுதான் தெரிந்ததும் தெரியாததும் பிரியும். நானும் என் பெண்ணும் இப்படித்தான் படித்தோம். ஒரு நாள் அவள் டீச்சர், ஒரு நாள் நான் டீச்சர்.

இதய பாடத்தை என் பெண் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் ஒப்பித்தாள். கைநாட்டு வைக்கிற பெரியம்மா. "இதயத்துக்கு 4 அறை. வலது பக்கத்திலிருந்து இரத்தம் நுரையீரலுக்குப் போகும், இடது பக்கத்திலிருந்து உடம்பு முழுக்கப் போகும். இடது கீழறைச் சுவர் தடிமனா இருக்கும்" என்று கடகடவென்று சொல்லிவிட்டாள். பெரியம்மா, "அது ஏன் அந்தப் பக்கம் மட்டும் தடிமன்?" என்று கேட்டார். பெண் முழித்தாள். பெரியம்மாவே சொன்னார்: "பக்கத்துத் தொட்டிக்குத் தண்ணி ஏத்தற மோட்டாரும், ஊர் முழுக்கத் தண்ணி அனுப்பற மோட்டாரும் ஒண்ணா? தூரமா அனுப்பறதுக்குப் பலம் வேணாமா?" அதேதான் பதில். நுரையீரல் பக்கத்தில் இருக்கிறது. உடம்பு முழுக்கத் தள்ளுவதற்கு அழுத்தம் அதிகம் வேண்டும். பரீட்சையில் 'காரணம் கூறு' என்று கேட்டால் அந்த வரிக்கு மதிப்பெண்.

அந்தப் பெரியம்மா கலப்பின மாடு வளர்க்கிறார். இனக்கலப்பு என்று 20-வது பாடம். சினை ஊசி எதற்குப் போடுகிறார்கள், நாட்டு மாட்டின் தாங்கும் குணமும் சீமை மாட்டின் பால் குணமும் ஒரே கன்றில் சேர்ந்தால் என்ன லாபம், எல்லாம் அவருக்குத் தெரியும். அதற்குக் 'கலப்பின வீரியம்' என்று பெயர் இருப்பது மட்டும்தான் தெரியாது. பெயரைப் பிள்ளை சொல்லிக்கொடுக்கட்டும், விஷயத்தை நாம் சொல்லிக்கொடுப்போம்.

நம்ம வீட்டில் அது எங்கே இருக்கு என்ற கேள்விக்குச் சில உதாரணம் சொல்கிறேன். வீட்டுக்குப் போய் இன்றைக்கே கேட்டுப் பார்க்கலாம்.

போர் தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காமல் வெள்ளையாகத் திரிந்து துணியில் ஒட்டுகிறது. மழைத்தண்ணீரில் நன்றாக நுரைக்கிறது. ஏன்? போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. சோப்பு அவற்றோடு சேர்ந்து கரையாத படிவாக மாறிவிடுகிறது. அந்தத் தண்ணீருக்குக் கடின நீர் என்று பெயர். சலவைத்தூளில் இருக்கும் டிடர்ஜென்ட் அப்படிப் படிவதில்லை, அதனால் நுரைக்கிறது. இது கார்பன் பாடம்.

நம் பக்கத்துப் பெரியவர்களின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை இருக்கும். நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், அதனால்தான். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து 2013-ல் தொடங்கினார்கள். தனிமங்களின் அட்டவணையில் 17-வது தொகுதியில் முதலில் நிற்பது ஃபுளூரின். அந்தத் தொகுதிக்கு ஹாலஜன் என்று பெயர். "பாட்டி பல்லு, 17-வது தொகுதி" என்று சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கு மறக்கும்?

கணக்குப் புத்தகம் பார்ப்பதற்கு நம்மில் பாதிப் பேர் கண்ணாடி போடுகிறோம். என் கண்ணாடி +2. அதுதான் லென்ஸின் திறன், அலகு டையாப்டர். 1-ஐ 2-ஆல் வகுத்தால் அரை மீட்டர், 50 சென்டிமீட்டர். அது குவியத் தொலைவு. வெயிலில் கண்ணாடியைக் காட்டி, வெளிச்சம் புள்ளியாக விழுகிற தூரத்தை அளந்து பாருங்கள், கிட்டத்தட்ட 50 வரும். நெருப்புப் பிடிக்காத இடமாகப் பார்த்துச் செய்யுங்கள், சூரியனை நேரே மட்டும் பார்க்க வேண்டாம். கிட்டே தெரியாதவர்களுக்குக் குவிலென்ஸ், தூரத்தில் தெரியாதவர்களுக்குக் குழிலென்ஸ். இரண்டையும் பிள்ளைகள் மாற்றி மாற்றி எழுதிவிடும். நம் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தால் நடுவில் தடித்திருக்கும். தொட்டுப் பார்த்தது மறக்காது.

கரண்ட் கார்டைப் பிள்ளை கையில் கொடுங்கள். 1 யூனிட் என்றால் என்ன? 1000 வாட் சாதனம் ஒன்று 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 40 வாட் குண்டு பல்பு என்றால் 25 மணி நேரம் எரியலாம். 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்கிறார்களே, அதில் எது எவ்வளவு தின்கிறது என்று பிள்ளை கணக்குப் போடட்டும். கணக்குக் கேள்வி வந்தால் முதலில் சூத்திரம் எழுத வேண்டும், பிறகு எண்களைப் போட வேண்டும், கடைசியில் அலகு எழுத வேண்டும். மின்னழுத்தம் 220 வோல்ட், மின்னோட்டம் 5 ஆம்பியர் என்றால் மின்தடை 44 ஓம். அந்த 'ஓம்' எழுதாமல் வெறும் 44 என்று விட்டால் மதிப்பெண் குறையும். வெறும் 44 என்றால் எதை என்று எடுத்துக்கொள்வது? நாமும் நோட்டில் 500 என்று மட்டும் எழுதினால் அது சேமிப்பா, கடனா, வட்டியா என்று யாருக்குத் தெரியும்?

சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கிற அக்காமார் இங்கே இருக்கிறீர்கள். இன்சுலின் எங்கே சுரக்கிறது என்று கேளுங்கள். கணையத்தில், லாங்கர்ஹான் திட்டுகளில் இருக்கும் பீட்டா செல்களில். இது ஹார்மோன் பாடம். உங்களுக்காகப் படிக்கிறோம் என்ற எண்ணம் வந்தால் பிள்ளைக்கு அந்த வரி நிற்கும்.

இன்னும் இரண்டு பாடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டும் நம் வீட்டுக்குள் பேசாத விஷயம்.

ஒன்று, மரபியல். மனித உடம்பின் செல்லில் 23 ஜோடி குரோமோசோம். அதில் ஒரு ஜோடிதான் ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது. பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். அம்மா கொடுப்பது எப்போதும் எக்ஸ்தான். அப்பாவிடமிருந்து எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண். "பொட்டப் புள்ளையாப் பெத்துப் போட்டா" என்று எத்தனை பேர் நம்மில் ஏச்சு வாங்கியிருக்கிறோம்! என் பெண் இந்தப் பாடத்தை ஒரு நாள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னாள். என் மாமியார் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அறிவியல் பரீட்சைக்குப் படிப்பது மதிப்பெண்ணுக்கு மட்டும்தானா, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று, 21-வது பாடம், உடல் நலமும் நோய்களும். மதுவினால் கல்லீரல் எப்படிக் கெடுகிறது, புகையிலையால் என்ன நோய் வரும் என்று கேள்வி இருக்கிறது. சில வீடுகளில் பிள்ளை அந்தக் கேள்வியைச் சத்தமாகப் படிக்க முடியாது. அப்பா திண்ணையில் அந்த நிலைமையில் படுத்திருப்பார். அந்த மாதிரி பிள்ளைக்குப் படிக்க வேறு இடம் வேண்டும், மனசு அமைதியாக இருக்கும் இடம். இதற்குத்தான் கடைசியில் ஒரு கோரிக்கை வைக்கப்போகிறேன்.

செய்முறைத் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. 25 மதிப்பெண் கையில் இருக்கிற காசு. எழுத்துத் தேர்வுக்கு முன்பே நடக்கும். வாய்க்காலில் தண்ணீர் திருப்ப வேண்டும், தோட்டத்தில் தக்காளி பறிக்க ஆள் இல்லை என்று அந்த வாரத்தில் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். நீல நிற மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீர் போய் வெள்ளையாகும், தண்ணீர் விட்டால் திரும்ப நீலமாகும். லென்ஸை வைத்துக் குவியத் தொலைவு காண்பது, பூவைப் பிரித்து அடுக்கடுக்காக ஒட்டிப் பெயர் எழுதுவது, இப்படிச் சோதனைகள். கையால் ஒரு முறை செய்தது எழுத்துத் தேர்வுக்கும் உதவும்.

தேர்வு அறையில் கடைப்பிடிக்கிற விஷயங்களைப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். முதல் 10 நிமிஷம் கேள்வித்தாள் படிக்கக் கொடுப்பார்கள், அதில் எதை எழுதுவது, எதை விடுவது என்று முடிவு செய்துவிட வேண்டும். நன்றாகத் தெரிந்ததை முதலில் எழுத வேண்டும். கேள்வி எண் சரியாகப் போட வேண்டும். படம் பென்சிலில் வரைந்து பாகம் குறிக்க வேண்டும், பாகம் குறிக்காத படம் பெயர் எழுதாத பாஸ்புக் மாதிரி. தெரியாத ஒரு மதிப்பெண் கேள்வியையும் காலியாக விடக்கூடாது. ஒவ்வொரு பாடத்தின் பின்னாலும் இருக்கும் கேள்விகளை விடாமல் பார்த்திருந்தால் பாதி பயம் அங்கேயே போய்விடும்.

அம்மாக்கள் செய்ய வேண்டியது படிப்பு மட்டும் இல்லை. பரீட்சை வருஷத்திலும் பெண் பிள்ளைக்குப் பாத்திரம், தண்ணீர், தம்பி தங்கை, மாடு எல்லாம் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு இல்லை. ஒரே வகுப்பு, ஒரே பரீட்சை, ஆனால் படிக்கிற நேரம் ஒன்று இல்லை. இதை நாம்தான் சரி செய்ய வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதைச் சாப்பிட்டாளா என்று கேளுங்கள். இரத்தம் குறைந்த பிள்ளைக்குப் புத்தகத்தைத் திறந்ததுமே தூக்கம் வரும், அது சோம்பேறித்தனம் இல்லை. கேழ்வரகும் கீரையும் முட்டையும் கொடுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு பரீட்சைக்கு அனுப்பாதீர்கள்.

இப்போது நான் சொல்லப்போவது எல்லாவற்றையும்விட முக்கியம். பிள்ளை தேறவில்லை என்றால்?

நம் ஊர்ப் பக்கம் ஒரு பெண், பெயர் வேண்டாம். அறிவியல் ஒன்றில்தான் போனது. மே மாசம் ரிசல்ட் வந்தது, அந்த வாரமே மில்லுக்கு அனுப்பலாமா, மாப்பிள்ளை பார்க்கலாமா என்று வீட்டில் பேச்சு. பெண்ணுக்கு வயசு 15. சேதி தெரிந்ததும் அவள் அம்மா இருக்கிற குழுவிலிருந்து 6 பேர் அந்த வீட்டுக்குப் போனோம். சண்டை போடவில்லை. காபி குடித்துக்கொண்டே சொன்னோம்: "18 வயசு ஆகாமல் கல்யாணம் பண்ணினா சட்டப்படி குத்தம். அதைவிட, எல்லாப் பாடமும் மறுபடி எழுத வேண்டாம், போன ஒரு பாடத்தை மட்டும் துணைத்தேர்வில் எழுதலாம். பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளிலேயே வந்துடும். ஒரு வருஷம்கூட வீணாகாது." அவள் அப்பாவுக்கு அப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியாது. "ஃபெயில்னா ஃபெயில்தானே" என்றார்.

துணைத்தேர்வு வரைக்கும் அந்தப் பெண் தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். நான் கேட்பேன், அவள் சொல்வாள், திக்கின இடத்தில் புள்ளி வைப்பாள். தேறினாள். அதே வருஷம் பதினொன்றாவது சேர்ந்தாள். இந்த வருஷம் பிளஸ் டூ எழுதப்போகிறாள். அவள் பெயரும் என் நோட்டில் இருக்கிறது. அன்றைக்கு அந்த 6 பேர் போகாமல் இருந்திருந்தால் அவள் இன்றைக்கு எங்கே இருப்பாள் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் ரிசல்ட் வருகிற அன்றைக்கு எந்தப் பிள்ளையையும் தனியாக விடாதீர்கள், திட்டாதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. மனசு உடைந்த பிள்ளையும் பேசலாம், துணைத்தேர்வுக்கு எப்படி மனு போடுவது என்று அம்மாவும் கேட்கலாம். பெண் பிள்ளைக்குக் கல்யாண ஏற்பாடு நடக்கிறது என்று தெரிந்தால் 1098. இரண்டு எண்ணையும் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எட்டாவதோடு நின்ற தங்கச்சிமார்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்களும் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சி உண்டு, அதற்கு முன்கூட்டியே தனியாகப் பெயர் பதிய வேண்டும், வகுப்புக்கும் ஒழுங்காகப் போக வேண்டும். அந்தத் தேதி கழிந்த பிறகு ஓடினால் பயன் இல்லை. நான் சின்னப் பிள்ளைகளோடு ஆய்வகத்தில் நின்றபோது முதல் நாள் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் அந்தப் பிள்ளைகளே "அக்கா, பர்னரை நான் பத்த வைக்கிறேன்" என்று பக்கத்தில் வந்து நின்றார்கள்.

என் கோரிக்கை மூன்று. இதைத் தீர்மானமாகப் போட வேண்டும் என்று தலைவர் அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, பரீட்சை முடியும் வரை சாயங்காலம் 6 மணி முதல் 8 மணி வரை பத்தாவது படிக்கும் எந்தப் பிள்ளைக்கும், முக்கியமாகப் பெண் பிள்ளைக்கு, வீட்டு வேலை சொல்வதில்லை. அந்த நேரத்தில் டி.வி.யும் போடுவதில்லை.

இரண்டு, குழுக் கூட்டம் நடக்கிற கட்டடத்தைத் தினமும் அந்த 2 மணி நேரம் பிள்ளைகள் படிக்கத் திறந்துவிட வேண்டும். வீட்டில் அமைதி இல்லாத பிள்ளைக்கு அதுதான் வீடு. உறுப்பினர்கள் முறை வைத்து, நாளைக்கு 2 பேர் போய் உட்கார வேண்டும். பாடம் நடத்த வேண்டாம். "எனக்குச் சொல்லு கண்ணு" என்று கேட்டால் போதும். இருட்டினதும் பெண் பிள்ளைகளை வீடு வரை கொண்டுபோய் விட வேண்டும்.

மூன்று, வாரக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி படித்த பிறகு, "நம் வீட்டுப் பிள்ளைகள் இந்த வாரம் எந்த 2 பாடம் முடித்தார்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டு, அதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

ஒரு தவணை தவறினால் வீடு வரைக்கும் போய் விசாரிக்கிறவர்கள் நாம். ஒரு பிள்ளை படிப்பு தவறினாலும் அப்படியே போய் விசாரிப்போம். இந்த மூன்றுக்கும் சம்மதம் என்றால் கையைத் தூக்குங்கள் அக்கா, கணக்கு எடுத்து எழுதிக்கொள்கிறேன்.